கோட்டையூர்க்காரர் தேடிய சாட்சியம்

டாக்குமெண்டரிப் படம் என்றால் கொட்டாவி விடுவதற்கு ஏற்பட்டது என்று எண்ணுவோர் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. சினிமாக் கொட்டகையில் கதைப் படம் தொடங்குமுன் சர்க்கார் செய்திப் படம் ஓடிய காலத்தில், அது முடியும் வரை வெளியே நின்று பீடி பிடித்துவிட்டு, மணி அடித்ததும் உள்ளே ஓடியவர்கள்தானே நாம்! ஆனால் கதையில்லாத, கதாநாயகியில்லாத, கனவுக் காட்சியில்லாத அந்த மாதிரிப் படத்தைக் கண்டு ஆட்சிபீடமே முகஞ்சுளித்த காலமும் உண்டு. அப்படிப்பட்ட படம் ஒன்றைத் தமிழில் முதன்முதலில் எடுத்துக் காட்டிய மனிதர், மதுரைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் செட்டிநாட்டுப் பூமியில் பிறந்தவர். அவர்தான் ஏ.கே. செட்டியார்.

அவரை உலகம் சுற்றிய தமிழர் என்று அறிந்தவர்கள் பலர். பயணக் கட்டுரையாளர் என்று பாராட்டுவோர் பலர். ஒரு நாட்டின் போராட்டத்துக்குச் சாட்சியம் சேகரித்தவர் என்று அறிந்தவர்கள் சிலரே. அந்தச் சிலரைப் பலராக்க வேண்டும் என்பதே நமது ஆசை.

பிறந்த மண்

கருப்பன் செட்டியார் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1911-ம் ஆண்டு நவம்பரில் கோட்டையூரில் பிறந்தார். காரைக்குடியை அடுத்த ஊர் அது. அன்று ராமநாதபுரம் ஜில்லா. இன்று சிவகங்கை மாவட்டம். கல்விக்கு அள்ளிக் கொடுத்த அழகப்பச் செட்டியாரும், பழைய நூல்களையும் துண்டு நோட்டீஸ்களையும் கூட விடாமல் சேர்த்து வைத்த ரோஜா முத்தையாவும் அதே ஊர்க்காரர்கள். ஒருவர் கல்லூரி கட்டினார். ஒருவர் காகிதம் காத்தார். மற்றொருவர் படச் சுருள் தேடினார். ஒரு சிற்றூருக்கு இதைவிடப் பெருமை வேண்டுவதில்லை.

மழையை நம்பிய மண் அது. கண்மாய் நிறைந்தால் கஞ்சி, நிறையாவிட்டால் கடல் கடந்து பிழைப்பு. நகரத்தார் கடை வைக்கப் போனார்கள். நிலமில்லாத கூலிகள் கப்பலேறித் தோட்டங்களுக்குப் போனார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்ற பெயர்கள் அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பக்கத்து ஊர்ப் பெயர்களைப்போலப் பழக்கமானவை.

அந்த மண்ணில் வேறொன்றும் இருந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதிதான். 1930-ம் ஆண்டு டிசம்பரில் அதே ராமநாதபுரம் ஜில்லாவில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. தங்க நகை, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தக் கூடாது. சட்டை போடக் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. மண் சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. மறு வருஷம் தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின!

1934-ம் ஆண்டு ஜனவரியில் தீண்டாமையை எதிர்த்துச் சுற்றுப்பயணம் செய்த காந்தியடிகள் மதுரைக்கும் செட்டிநாட்டுப் பகுதிக்கும் வந்தார். அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அவர் போகவில்லை. தாழ்த்தப்பட்டோரை விடாத கோயில் தமக்கும் வேண்டாம் என்பது அவர் நிலை. 1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட தோழர்கள் அக்கோயிலுக்குள் நுழைந்தபோது மதுரையே இரண்டுபட்டது. 1946-ல்தான் காந்தி அக்கோயிலில் கால் வைத்தார்.

இவற்றையெல்லாம் ஏன் சொல்கிறோம்? இன்று காந்தி என்ற பெயர் ரூபாய் நோட்டில் இருக்கிறது. தெருப் பெயரில் இருக்கிறது. எவருக்கும் அதில் சண்டையில்லை. அந்நாளில் அப்படியல்ல. காந்தியைப் படம் எடுப்பது என்றால் வெள்ளைச் சர்க்காரோடு ஒரு வழக்கு, ஊரிலுள்ள பழமையோடு இன்னொரு வழக்கு. இரண்டு வழக்கும் உயிரோடிருந்த காலத்தில்தான் செட்டியார் காமிராவை எடுத்தார்.

கப்பலில் உதித்த எண்ணம்

இளம் வயதிலேயே அவர் பர்மாவுக்குப் போய் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். அங்கிருந்து ஜப்பான் சென்று டோக்கியோவில் போட்டோக் கலை பயின்றார். பிறகு அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க்கில் அதே கலையில் மேற்பயிற்சி பெற்றார். அக்காலத்துப் பிள்ளைகள் கடல் கடந்தால் பாரிஸ்டராக வேண்டும், இல்லையேல் ஐ.சி.எஸ். ஆக வேண்டும். படம் பிடிக்கக் கற்றுக்கொள்ளக் கடல் கடந்த தமிழ்ப் பிள்ளையைப் பார்த்து ஊரார் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

1937-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகருக்குப் போகும் கப்பலில் அவர் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியின் பிறந்த நாள். அந்த மனிதரின் வாழ்க்கையை உண்மைக் காட்சிகளைக் கொண்டே ஒரு முழுப் படமாக ஆக்கினால் என்ன என்ற எண்ணம் அட்லாண்டிக் கடலின் நடுவே அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு வயது 26 கூட நிறையவில்லை.

எண்ணுவது எளிது. செய்வது? அமெரிக்கரான பிளாஹர்ட்டி வட துருவத்து எஸ்கிமோக்களைப் பற்றிய படத்தை வெளியிட்டது 1922-ல். டாக்குமெண்டரி என்ற சொல்லைக் கிரியர்ஸன் படத்துக்குச் சூட்டியது 1926-ல். தமிழில் பேசும் படமே 1931-ல்தான் வந்தது. வந்த படங்களில் பெரும்பாலானவை புராணம், மிச்சம் பாட்டு. உண்மை நிகழ்ச்சிகளை மட்டும் கோத்து இரண்டு மணி நேரம் காட்டினால் காசு கொடுத்துப் பார்ப்பார்களா என்று கேட்டால் எந்த முதலாளியும் சிரித்திருப்பார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. படத்தின் நாயகருக்கே சினிமா பிடிக்காது! சினிமாவைப் பற்றி விசாரிக்க 1927-ல் சர்க்கார் அமைத்த கமிட்டிக்கு, அத்துறையால் நன்மையில்லை என்ற கருத்தையே காந்தி தெரிவித்திருந்தார். காமிராவுக்காக நின்று முகம் காட்டும் வழக்கமும் அவரிடம் கிடையாது. அப்படிப்பட்டவரை வைத்து ஒரு படம்!

ஸ்டூடியோ இல்லை. சர்க்கார் மானியம் இல்லை. நட்சத்திரம் இல்லை. செட்டியார் 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். பிறகு புறப்பட்டார்.

ஒரு லட்சம் மைல்

அவர் செய்த வேலை என்ன என்பதை வாசகர்கள் சரியாக உணர வேண்டும். காந்தி தென்னாப்பிரிக்காவில் போராடிய காலம் முதல் உப்புச் சத்தியாக்கிரகம் வரை, லண்டன் வட்டமேஜை மகாநாடு வரை, அவரைப் படம் பிடித்தவர்கள் பலர். அந்தக் காட்சிகள் ஓரிடத்தில் இல்லை. செய்திப் படம் வாரத்துக்கு வாரம் பழசாகும் சரக்கு. இன்று கொட்டகையில் ஓடும்; அடுத்த வாரம் கிட்டங்கியில் கிடக்கும். அந்நாளைய பிலிம் எளிதில் தீப்பற்றும் ரகம்; வைத்திருந்தாலும் காலப்போக்கில் தானே கெட்டுப்போகும். எந்தக் கண்டத்தில், எந்த நிறுவனத்தின் இருட்டறையில், எந்தத் தகர டப்பாவில், எந்தக் காட்சி இருக்கிறது என்று சொல்ல ஒரு பட்டியல் கிடையாது.

செட்டியார் தேடினார். நான்கு கண்டங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பிரயாணம் செய்தார். முப்பது வருஷ காலத்தில் சுமார் நூறு காமிராக்காரர்கள் எடுத்த காட்சிகளைத் தேடிப் பிடித்தார். 1912-ல் கோகலே தென்னாப்பிரிக்கா சென்றபோது எடுக்கப்பட்ட காட்சி கூட அவர் கையில் சிக்கியது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்கள், நாகப்பனையும் வள்ளியம்மையையும் பலி கொடுத்த நம்மவர்கள், தலைவரி எதிர்த்துப் போராடிய பூமி அது. அந்தப் பூமிக்கு அவர் நேரிலும் போய்வந்தார். இந்தியாவில் புதிதாக எடுக்க வேண்டிய காட்சிகளும் எடுக்கப்பட்டன. பாரிஸில் பயின்று வந்த டாக்டர் பி.வி. பதி போன்ற தேர்ந்த காமிராக்காரர் அதில் துணை நின்றார்.

சேர்ந்தது 50,000 அடி பிலிம். நிமிஷத்துக்கு 90 அடி என்று ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதைச் சல்லடையில் சலித்து 12,000 அடியாகச் சுருக்கினார். இரண்டே கால் மணி நேரப் படம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அந்த நூறு காமிராக்காரர்களில் பலர் அன்னிய நிறுவனங்களின் சம்பளக்காரர்கள். காந்தியின் கட்சிக்காரர்கள் அல்லர். காட்சி கிடைத்தால் போதும் என்று எடுத்தவர்கள். ஆகவே செட்டியார் கோத்தது பக்தர்களின் புகழ்ச்சியை அல்ல. எதிர்த் தரப்பின் கண்ணில் பட்டதையே நம் தரப்புச் சாட்சியமாக மாற்றினார். கோர்ட்டில் வழக்காடும் வக்கீலைக் கேளுங்கள். எதிரியின் கணக்குப் புத்தகத்தைவிட வலுவான சாட்சி வேறில்லை என்பார்.

திரையில் வந்தது, மறைந்தது

1940-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி, சென்னை ராக்ஸி கொட்டகையில் 'மகாத்மா காந்தி' படம் தமிழ் விளக்கத்துடன் வெளியாயிற்று. பின்னர் தெலுங்கிலும் வந்தது.

அது எந்தச் சமயம் என்று எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவில் யுத்தம். 1939 இறுதியில் காங்கிரஸ் மந்திரிசபைகள் விலகிவிட்டன. மாகாணத்தில் கவர்னரின் நேரடி ஆட்சி. டைரக்டர் கே. சுப்பிரமணியம் 1939-ல் வெளியிட்ட 'தியாகபூமி' கதைப் படந்தான்; அதையே சர்க்கார் பின்னர் தடை செய்தது. கதைக்கே அந்தக் கதி என்றால் நிஜத்துக்கு என்ன கதி? 1940 அக்டோபரில் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. அடக்குமுறைக்கு அஞ்ச வேண்டிய அந்த வருஷங்களில் படம் திரையிலிருந்து மறைந்தது. தாம் மூன்று வருஷம் ஓடியோடிச் சேர்த்ததை மக்களுக்குக் காட்ட முடியாமல் பூட்டி வைக்க வேண்டிய நிலைக்கு அவர் ஆளானார்.

1947-ல் விடுதலை வந்தது. அந்தச் சமயத்தில் இந்தி விளக்கத்துடன் படம் தில்லியில் காட்டப்பட்டது. 1953-ல் ஹாலிவுட்டில் அதன் ஆங்கில வடிவம் தயாராயிற்று. இந்திய சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷன் தோன்றியதே 1948-ல்தான். ஒரு சர்க்கார் இலாகா செய்யத் தொடங்கிய காரியத்தை, எட்டு வருஷம் முன்பே ஒரு தனி மனிதர் செய்து முடித்திருந்தார்.

தம்மை மறைத்துக்கொண்டவர்

இவ்வளவு செய்தவர் பிறகு என்ன செய்தார்? பதவி தேடினாரா? பட்டம் தேடினாரா? சினிமா முதலாளியானாரா? இல்லை. 1943-ல் 'குமரி மலர்' என்ற மாத இதழைத் தொடங்கினார். இடையிடையே நின்றாலும், வாழ்நாளின் இறுதிவரை அதை விடவில்லை. மறந்துபோன பழைய கட்டுரைகளை, சென்ற நூற்றாண்டுச் செய்திகளை, எவரும் சீண்டாத ஏடுகளிலிருந்து எடுத்து மறுபடியும் அச்சிட்டார். பிலிம் சுருளைத் தேடிய அதே கை இப்போது காகிதத்தைத் தேடியது. தமிழ்நாட்டில் பிரயாணம் செய்த பழங்காலத்தார் எழுதியவற்றைத் திரட்டித் தொகை நூலாகவும் தந்தார்.

'உலகம் சுற்றும் தமிழன்', 'அமெரிக்க நாட்டிலே', 'கரிபியன் கடலும் கயானாவும்', 'குடகு' என்று அவர் எழுதிய பிரயாண நூல்களைப் படித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். அங்கே ஊர் இருக்கும், மனிதர் இருப்பர், பேச்சு இருக்கும், சிரிப்பு இருக்கும். செட்டியார் மட்டும் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பார். தம் புகைப்படத்தைப் போட்டுக்கொள்வதில் ஆசையில்லாத புகைப்படக்காரர் அவர். தோட்டத் தொழிலுக்குப் போன தமிழர் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அங்கெல்லாம் போய் நலம் விசாரித்தார். 1983-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி காலமானார்.

இந்த அடக்கம் ஒரு குணம் என்று பாராட்டுவதோடு நின்றுவிட நமக்கு மனம் வரவில்லை. அந்த அடக்கத்தை நாடு தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. அவர் கேட்கவில்லை, ஆகவே நாம் கொடுக்கவில்லை. அவர் பேசவில்லை, ஆகவே நாம் மறந்தோம்.

இழந்தது யார்?

மறந்ததன் விலை சிறிதல்ல. 1940-ல் தமிழர் பார்த்த அந்தத் தமிழ்ப் படம் கண்ணில் படாமல் போயிற்று. ஆராய்ச்சியாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி போன்றோர் விடாது தேடிய பிறகு, ஆங்கில வடிவத்தின் பிரதி அமெரிக்கப் பல்கலைக் கழகம் ஒன்றிலிருந்து தெரியவந்தது. உலகமெல்லாம் சிதறிக் கிடந்ததை ஒருவர் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்ததை நாம் மறுபடியும் சிதறவிட்டு, உலகத்திடம் போய்க் கையேந்தினோம். இதைவிட வெட்கக் கேடு உண்டா?

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' கூட இன்று இல்லை. படங்களைக் காப்பதற்கென்று புனாவில் தேசியக் காப்பகம் அமைந்தது 1964-ல்தான். அதற்குள் எரிந்தவை எத்தனை, மக்கியவை எத்தனை, வெள்ளிச் சத்துக்காக எடை போட்டு விற்கப்பட்டவை எத்தனை! ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் நேரு திறந்துவைத்த மதுரைக் காந்தி மியூசியத்தில், சுடப்பட்டபோது காந்தி அணிந்திருந்த குருதிக் கறை படிந்த துணியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நல்லது. அந்த மனிதர் நடந்ததையும் அமர்ந்ததையும் நூற்றதையும் காட்டிய தமிழ்ப் படத்தை அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு காட்டிக் காத்திருக்கக் கூடாதா?

செட்டியாரின் படத்தைப் பற்றி ஒரு குறை சொல்வோரும் உண்டு. ஒரு தலைவரின் வாழ்க்கையைச் சொன்னாரே தவிர, அந்த எட்டுத் தடைகளின் கீழ் நசுங்கிய மக்களைத் தனியே படம் எடுத்தாரா என்பார்கள். கேள்வி நியாயமானது. எடுக்கவில்லை. ஆனால் பாதையே இல்லாத காட்டில் முதலில் நடந்தவரிடம், பாலமும் கட்டியிருக்க வேண்டாமா என்று கேட்பதா? உண்மையைப் படமாக்கலாம், தமிழில் ஆக்கலாம், தனியாள் ஆக்கலாம் என்று அவர் நிறுவிக் காட்டினார். மிச்சம், பின்னால் வந்தவர்கள் கடமை.

பின்னால் வந்தவர்கள் அந்தக் கடமையைச் செய்யவே செய்தார்கள். அதுவும் மதுரையிலிருந்தே செய்தார்கள். 2003-ல் அமுதன் எடுத்த 'பீ' என்ற படம், மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையைக் காட்டியது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-லேயே பிறந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதன் பிறகும் குழியில் இறங்கியவர்கள் செத்தார்கள். 2017-ல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' அந்தச் சாவுகளைப் பேசியது. என்ன நடந்தது? பல ஊர்களில் அதைத் திரையிடப் போலீஸ் அனுமதிக்கவில்லை. எடுத்தவர்மீது வழக்குகள் பாய்ந்தன.

1940-ல் இருந்தவன் வெள்ளையன். அவனுக்குப் பயம் இருந்ததில் ஆச்சரியமில்லை. 2017-ல் இருந்தது நம் ஆட்சி அல்லவா? சாக்கடைக் குழியில் ஆள் இறங்குவது சட்டப்படி குற்றமென்றால், இறங்குவதைக் காட்டுவது எப்படிக் குற்றமாகும்? படம் பொய்யானால் பொய்யென்று நிரூபிக்கட்டும். மெய்யானால், தடுக்க வேண்டியது படத்தையா, குழியில் இறக்குவதையா? நோயைக் காட்டிய வைத்தியனைப் பிடித்து அடைத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடுமா?

செய்ய வேண்டியது

செட்டியாருக்குச் சிலை வேண்டும் என்று நாம் கேட்கப் போவதில்லை. தம் முகத்தைக் காட்ட விரும்பாதவருக்குச் சிலை வைப்பது மரியாதையும் அல்ல. நாம் கேட்பவை மூன்று.

அவர் படத்தின் எந்த வடிவம், எத்தனை அடி, எங்கே கிடைத்தாலும் அதைச் செப்பனிட்டு, மதுரை மியூசியத்திலும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும். நகரத்தார் வீடுகளின் பரண்களிலும் பழைய கொட்டகைகளின் அறைகளிலும் கிடக்கும் பிலிம் டப்பாக்களைப் பழைய இரும்புக்குப் போடுமுன், ஒரு தடவை திறந்து பார்க்க ஏற்பாடு வேண்டும். இன்று உண்மையைப் படம் பிடிக்கும் பிள்ளைகள்மீது வழக்குப் போடுவதை விட்டு, அவர்கள் காட்டும் உண்மைக்கு நிர்வாகம் பதில் சொல்லும் பழக்கம் வேண்டும்.

மூன்றில் முதலாவது பணத்தால் ஆகும். இரண்டாவது அக்கறையால் ஆகும். மூன்றாவதற்கு மட்டும் தைரியம் வேண்டும். கோட்டையூர் இளைஞர் ஒருவர் 26 வயதில் காட்டிய தைரியத்தில் ஒரு பங்கு நம் ஆட்சியாளர்களுக்கு வாய்த்தால், அவர் நடந்த லட்சம் மைலும் வீண் போகவில்லை என்று நாம் மகிழ்வோம்.